பால்பல்லுக்குப் பட்டாபிஷேகம்

ஒரு சனிக்கிழமை காலை நான் ஒரு முடிவு எடுத்தேன்.

எங்கள் ஜிஞ்சா ஊரில் கல்யாணமான ஆண்கள் முடிவு எடுப்பது அபூர்வம். அப்படியே எடுத்தாலும் டீக்கடையில் எடுத்து, டீக்கடையிலேயே வைத்துவிட்டு வருவார்கள். நான் வீட்டுக்குள்ளேயே எடுத்தேன். அதுவும் என் மனைவி நங்கோபியின் காதில் விழும்படி எடுத்தேன்.

"என் மக வாயில எவனும் இரும்பை வைக்கக் கூடாது! இதுதான் என் முடிவு!"

நங்கோபி பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். மிஷினை நிறுத்தக்கூட இல்லை. பெயரில் கோபி இருக்கிறதே தவிர அவள் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. கோபப்பட்டால் நானும் பதிலுக்குக் கத்தி ஒரு வழி பண்ணிவிடுவேன். அவள் அமைதியாக இருப்பாள். அந்த அமைதிக்குத்தான் நான் பயப்படுவேன்.

"யாரைக் கேட்டு எடுத்தீங்க?" என்றாள்.

"யாரைக் கேக்கணும்? இந்த வீட்டுக்குத் தலைவன் நான்."

"தலைவருக்கு டீயில சக்கரை போதுமா?"

"...போதும்."

விஷயம் இதுதான். பள்ளிக்கூடத்தில் பல் பரிசோதனை நடந்திருக்கிறது. எங்கள் ஒரே மகள் முத்தேசிக்கு ஆறு வயது. பெயருக்கேற்ற மாதிரி பல்லெல்லாம் முத்து. கீழ்வரிசையில் வலது கடவாய்ப்பல் மட்டும் சொத்தை. 'பால்பல்தான், ஆனாலும் பிடுங்க வேண்டாம். மேலே எஃகில் ஒரு தொப்பி போட்டுவிடலாம். இதைக் கிரீடம் என்று சொல்வோம்' என்று பல் டாக்டர் சீட்டு எழுதி அனுப்பியிருந்தார்.

"கிரீடமாம் கிரீடம்! தலையில வைக்கிறத வாயில வைக்கச் சொல்றாங்க" என்றேன். "அது பால்பல்லு. இன்னிக்கோ நாளைக்கோ விழப்போவுது. விழப்போற வீட்டுக்கு எவனாவது புதுத் தகரம் மாத்துவானா?"

"கடவாய்ப்பல்லு பத்து வயசுக்கு மேலதான் விழுமாம். இன்னும் நாலஞ்சு வருசம் இருக்கு, முத்தேசி அப்பா. அதுவரைக்கும் புள்ள எதால மெல்லும்? உங்க முடிவாலயா?"

டீயைக் குடித்தேன். வலது பக்கமாகத் தலையைச் சாய்த்துக் குடித்தேன்.

அந்தச் சாய்வுக்குக் காரணம் உண்டு. வாசகர்களாகிய உங்களிடம் மட்டும் சொல்கிறேன். எனக்கு ஒன்பது வயதில் பல்வலி வந்தது. இகாங்கா சந்தையில் ஒரு மாமரத்தடியில் குறடு வைத்துக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருப்பான். அப்பா அவனிடம் கூட்டிப்போனார். அவன் பிடுங்கினான். பிடுங்கியது பக்கத்தில் இருந்த நல்ல பல். தம்பி மன்னிச்சுக்கோ என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு மறுபடியும் குறட்டை எடுத்தான். நான் போட்ட கூச்சலில் சந்தையில் இருந்த கோழி வியாபாரி ஒருவர் கூண்டைத் திறந்துவிட்டுவிட்டார்.

அன்றிலிருந்து முப்பது வருடம். சாப்பிடவும் சத்தம் போடவும் தவிர நான் வாயைத் திறந்தது கிடையாது. என் இடது மேல் கடவாயில் மழைக்காலத்து ரோட்டுப் பள்ளம் மாதிரி ஒரு பள்ளம் இருக்கிறது. அதனால் மெல்லுவது, குடிப்பது எல்லாம் வலது பக்கம். நான் கரும்பு டிராக்டர் ஓட்டுகிறவன். வாழ்க்கையில் ஒரு பக்கமாகவே ஓட்டிப் பழக்கம் உண்டு.

இன்னொன்றும் இருக்கிறது. முத்தேசியின் பல் ஏன் சொத்தையானது? தினமும் சாயங்காலம் கரும்புத் துண்டு சீவிக் கொண்டுவந்து மடியில் உட்காரவைத்துக் கொடுத்தது யார்? என் மனசுக்குத் தெரியும். நங்கோபிக்கும் தெரியும். இதுவரை அவள் அதைச் சொல்லிக் காட்டவில்லை. அது இன்னும் மோசம்.

இதற்கெல்லாம் முன்னாடியே, சீட்டு வந்த அன்றே, நான் ஒரு திட்டம் போட்டிருந்தேன். முத்தேசியைக் கொல்லைப்புறம் கூட்டிப்போய்ப் பாடம் நடத்தினேன்.

"அம்மா வலிக்குதான்னு கேட்டா என்ன சொல்லணும்?"

"வலிக்கலன்னு."

"அப்படி அழுவுற மாதிரி சொல்லக் கூடாது. சிரிச்சுக்கிட்டே சொல்லணும்."

"வலிக்கலம்மா!" என்று சிரித்தாள். பிறகு யோசித்தாள். "அப்பா, நெசமாவே வலிச்சா?"

"எங்கிட்ட வந்து சொல்லு."

"நீங்க என்ன பண்ணுவீங்க?"

மாட்டிக்கொண்டேன். "ஊதி விடுவேன்" என்றேன்.

உடனே வாயைத் திறந்து காட்டினாள். நான் ஊதினேன். வாய் நிறையக் கரும்பு வாசனை. சரியாப் போச்சுப்பா என்று கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் திட்டத்தில் இப்படி ஒரு பகுதி இருக்கவில்லை.

அந்தச் சனிக்கிழமைப் பேச்சுக்குப் பிறகு நங்கோபி பல்லைப் பற்றிப் பேசவே இல்லை. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். ஜெயித்துப் பழக்கமில்லாததால் எனக்கு அடையாளம் தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் வாசலில் உட்கார்ந்திருந்தேன். நங்கோபி தெருமுனையில் சுட்ட சோளம் வாங்கி வந்தாள். மகள் கையில் ஒரு கதிரைக் கொடுத்து, "போடி, அப்பா பக்கத்துல உக்காந்து தின்னு" என்றாள்.

முத்தேசிக்குச் சுட்ட சோளம் என்றால் உயிர். மூன்று வயதிலேயே முழுக் கதிரைத் தின்றுவிட்டுத் தண்டையும் சப்புவாள். அன்று கதிரைக் கையில் வைத்துக்கொண்டு முகர்ந்து பார்த்தாள். ஒரு மணியை உதிர்த்து என் வாயில் போட்டாள். இன்னொரு மணி. அதுவும் என் வாயில்.

"நீ தின்னலயாம்மா?"

"பசிக்கலப்பா."

நாக்கில் எச்சில் ஊறுகிறது. கண் கதிரை விட்டு நகரவில்லை. பசிக்கவில்லையாம்.

"வலிக்குதா?"

"வலிக்கல" என்று சிரித்தாள். நான் சொல்லிக்கொடுத்த அதே சிரிப்பு. ஒரு பல் குறையாமல் அப்படியே சிரித்தாள். பிறகு எழுந்து போய் மீதிக் கதிரைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொடுத்துவிட்டு, ஆடு மெல்லுவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

என்னால் அந்த ஆட்டைப் பார்க்க முடியவில்லை. டிராக்டருக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். துடைத்தது எஞ்சின் துடைக்கிற துணி. கிரீஸ் கண்ணில் பட்டு இன்னும் கால் மணி நேரம் அழுதேன்.

உள்ளே வந்தபோது புது முடிவு தயாராக இருந்தது. தொப்பியோ கிரீடமோ, என் பிள்ளைக்குப் போட்டே ஆகவேண்டும். ஆனால் நங்கோபியிடம் எந்த முகத்தோடு சொல்வது? இரண்டே நாளில் தலைவர் கட்சி மாறினால் மரியாதை என்ன ஆவது? அதனால் அவளுக்குத் தெரியாமல் நானே கூட்டிப்போவது, போட்டு முடித்த பிறகு, நான் ஆழ்ந்து யோசித்து எடுத்த முடிவு இது என்று அறிவிப்பது. அப்படித்தான் கணக்குப் போட்டேன்.

என் நல்ல நேரம், நங்கோபியே சொன்னாள்: "நாளைக்குத் துணி வாங்க இகாங்காவுக்குப் போறேன். முத்தேசிக்கும் ஸ்கூல் லீவு. நீங்க வீட்ல இருக்க முடியுமா?"

"என்ன பண்றது, இருக்கிறேன்" என்று ரொம்பக் கஷ்டப்பட்டு ஒத்துக்கொண்டேன்.

செவ்வாய் காலை அவள் கிளம்பிப் போனதும் முத்தேசிக்கு நல்ல கவுனைப் போட்டேன். வாசலுக்கு வந்தால் பக்கத்து வீட்டுத் தெங்வா வாடகை மோட்டார் சைக்கிளை முறுக்கிக்கொண்டு நிற்கிறான்.

"ஏறுங்கண்ணே!"

ஏறினோம். நேராகப் பல் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுவந்து இறக்கினான். எங்கே போகவேண்டும் என்று அவன் கேட்கவே இல்லை என்பது இறங்கிய பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்ப்பதற்குள் பறந்துவிட்டான்.

உள்ளே சீட்டு எழுதுகிற பெண் முத்தேசியைப் பார்த்ததும் வாய் கொள்ளாமல் சிரித்தாள்.

"வந்துட்டியா கண்ணு! முத்தேசி, பத்து மணி. முகோயா, பத்தே முக்கால்."

முகோயா நான்தான்.

"எனக்கு எதுக்கும்மா பத்தே முக்கால்?"

அவள் நோட்டைப் பார்த்துப் படித்தாள். "இடது பக்கம், மேல் கடவாய், பெரிய பள்ளம். டீயைச் சாய்ஞ்சு குடிப்பார். ஓடப் பார்ப்பார். பிள்ளையை முன்னால் உட்காரவைக்கவும். அப்படின்னு உங்க வீட்டம்மா சொல்லி எழுதவச்சிருக்காங்க."

"எப்போ?"

"வெள்ளிக்கிழமை. பாப்பாவுக்கு ரப்பர் வளையம் போட வந்தாங்களே, அன்னிக்கு."

வெள்ளிக்கிழமை! நான் முடிவு எடுத்தது சனிக்கிழமை. என் முடிவு பிறப்பதற்கு முதல் நாளே அதற்குக் காரியம் செய்து முடித்துவிட்டாள்.

டாக்டரம்மா நைகாகா வந்தார். ஒடிசலான தேகம், பெரிய கண்ணாடி, மெதுவான குரல். முத்தேசியின் வாயைத் திறந்து, சொத்தைப் பல்லுக்கு இரண்டு பக்கமும் இடுக்கில் மாட்டியிருந்த குட்டி ரப்பர் வளையங்களை எடுத்துக் காட்டினார்.

"தொப்பி நுழைய எடம் வேணும்ல, அதுக்குத்தான் இது. நாலு நாள் கெட்டியா எதையும் மெல்லக் கூடாதுன்னு சொன்னேன். சமத்துப் பொண்ணு, ரெண்டும் அப்படியே இருக்கு. சோளம் கீளம் ஒண்ணும் தின்னல போலிருக்கே!"

"தின்னல. ஆட்டுக்குக் குடுத்துட்டேன்" என்றாள் முத்தேசி பெருமையாக. "அம்மா அப்படித்தான் செய்யச் சொன்னாங்க. அப்பா பாக்கிற மாதிரி குடுக்கணும்னு சொன்னாங்க."

டிராக்டருக்குப் பின்னால் நான் சிந்திய கண்ணீர் அத்தனையும் வீண்! கிரீஸ் பட்டதுதான் லாபம்.

"அப்போ உனக்கு வலிக்கவே இல்லையாடி?" என்று கேட்டேன்.

அவள் என் முகத்தையும் டாக்டர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு என் காதுக்குள் சொன்னாள்: "முன்னாடியே வலிச்சுதுப்பா. கரும்பு மாட்டிக்கிட்டா ரொம்ப வலிக்கும். நீங்க பயப்படுவீங்கன்னுதான் சொல்லல."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஊசி இல்லை. ராவுகிற மிஷினும் இல்லை. டாக்டரம்மா பளபளவென்று நாலைந்து குட்டித் தொப்பிகளை எடுத்து அளவு பார்த்தார். ஒன்றில் பசையைத் தடவிப் பல்லின் மேல் வைத்து அழுத்தினார். மேல்வரிசைப் பல்லுக்கும் தொப்பிக்கும் நடுவில் பஞ்சு வைத்து, "கடி கண்ணு. நல்லா, சிங்கம் மாதிரி கடி" என்றார்.

முத்தேசி கடித்தாள். கண்ணில் தண்ணீர் முட்டியது. என் விரலை இறுக்கினாள். நான் அவள் விரலை அதைவிட இறுக்கினேன். பஞ்சைக் கடித்தபடியே, "பயப்படாதீங்கப்பா" என்றாள்.

வழிந்த பசையைத் துடைத்துவிட்டுக் கண்ணாடியைக் காட்டினார்கள். வாய்க்குள்ளே வெள்ளி நிலா மாதிரி ஒரு பல். முத்தேசி சிரித்தாள். யாரும் சொல்லிக்கொடுக்காத சிரிப்பு அது. இடது கன்னம், வலது கன்னம், நாக்கு எல்லாவற்றையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

"அப்பா, நான் ராணியா?"

"ஆமாடி. பட்டாபிஷேகம் முடிஞ்சுது. வா, வீட்டுக்குப் போலாம்" என்று எழுந்தேன்.

"பத்தே முக்கால்" என்றார் டாக்டரம்மா.

"டிராக்டரை நிழல்ல நிறுத்தணுங்க. இன்னொரு நாள்..."

"டிராக்டர் வீட்ல இருக்குப்பா. நாம தெங்வா மாமா வண்டியில வந்தோம்" என்றாள் ராணி. பிறகு நாற்காலியைத் தட்டிக் காட்டினாள். "உக்காருங்க. நான் கையப் புடிச்சுக்கிறேன்."

ஆறு வயதுப் பிள்ளை உட்கார்ந்து எழுந்த நாற்காலி. எப்படி மறுப்பது? உட்கார்ந்தேன். என் விஷயத்தில் ஊசி உண்டு. மிஷின் உண்டு. மிஷினுக்கு என் டிராக்டர் மாதிரியே சத்தம். கண்ணை மூடிக்கொண்டேன். மாமரம் தெரிந்தது, குறடு தெரிந்தது, கோழிகள் பறந்தன. ஆனால் கையில் ஒரு சின்னக் கை சூடாக இருந்தது. அரை மணி நேரமும் அது விடவில்லை.

திறந்து பார்த்தால் எல்லாம் முடிந்திருந்தது. நல்ல பல் எதுவும் காணாமல் போகவில்லை. முப்பது வருடமாக இதற்கா பயந்தேன் என்று கேட்க நினைத்தேன். உதடு மரத்துப்போய் ரப்பர் டயர் மாதிரி தொங்கியது. வார்த்தை வரவில்லை.

வீட்டுக்கு வந்தால் நங்கோபி வாசலில் நிற்கிறாள். இகாங்காவும் இல்லை, துணியும் இல்லை. அடுப்பில் மசித்த வாழைக்காய் இரண்டு பேருக்கும் தயாராக வெந்துகொண்டிருந்தது. முத்தேசியின் முகவாயைப் பிடித்துத் திறந்து பார்த்தாள். வெள்ளிப் பல்லைப் பார்த்ததும் அவளுக்கும் கண் நிறைந்துவிட்டது. மகளை அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். என் கன்னத்தில் கை வைத்தாள்.

"ரொம்ப வலிச்சுதா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"கூட்டிட்டுப் போனீங்களே, அதுவே பெரிசு" என்றாள். பிறகு மெதுவாக, "ஆமா, இது யாரு எடுத்த முடிவு?" என்று கேட்டாள்.

வழியெல்லாம் தயார் செய்த பேச்சு! நெஞ்சை நிமிர்த்தினேன். "ஆழ்ந்ழு யோஹிச்சு... நாந்... எழுத்த... முழிவு..."

"என்னடி சொல்றாரு?"

முத்தேசி என் வாயை உற்றுப் பார்த்தாள். அம்மாவைப் பார்த்தாள். வெள்ளிப் பல் தெரியச் சிரித்தாள்.

"ஆழ்ந்து யோசிச்சுப் பாத்தாராம். இனிமே எல்லாம் அம்மா எடுக்கிற முடிவுதானாம்."

இல்லை இல்லை என்று தலையைப் பலமாக ஆட்டினேன். வாயோரம் எச்சில் வழிந்ததுதான் மிச்சம். நங்கோபி துணியால் அதை ஒற்றித் துடைத்தாள்.

"சரி சரி, அதுக்கு எதுக்கு இவ்வளவு வேகமாத் தலையாட்டுறீங்க? நான்தான் ஒத்துக்கிட்டேனே!"