முபீன் வெச்ச கடல் நிய்யத்து

முபீன் தேத்தண்ணிக் கோப்பைய டக்கெண்டு வெச்சான்.

"றுஸ்தா! நாளைக்கி நான் கடலுக்குப் போறன். நிய்யத்து வெச்சி முடிவெடுத்துட்டன்."

சம்மாந்துறையில வயலுக்குள்ள பொறந்தவன். மருதமுனைக்கு மாப்புளயா வந்து இவ்வளவு காலமும் கடலப் பாத்தது கரையில நிண்டுதான். அதுவும் கால் நனையாம. இவன்ட மூத்தவாப்பாவும் இப்பிடித்தான், பொத்துவிலுக்குப் போய் அலையப் பாத்தே தலசுத்தி விழுந்து... அத விடுங்க, அது பெரிய கதை, அதுல ஒரு மாடும் வரும்.

போன கிழம கலியாண ஊட்டுல, பொஞ்சாதி றுஸ்தாட கூடப்பொறந்த காக்கா றாஸிக், "வயக்காட்டு மாப்புள வாறாரு" எண்டு சிரிச்சிட்டான். தோணிக்காரன்ட சிரிப்பு, சபையே கேட்டிச்சி. அது முபீன்ட நெஞ்சில முள்ளாக் குத்திக்கிட்டிருந்த நேரம் பாத்து, போன்ல ஆரோ ஒருத்தர்ட பேச்சு வீடியோ வந்து சேந்திச்சி.

"கேளு புள்ள," எண்டு அந்தப் பேச்ச ஒப்புவிச்சான் முபீன், "இங்கிலீசுக்காரன் ரிஸ்க் எண்டு செல்றானே, அது ஆருட சொல்லு? எங்கட றிஸ்க்! அல்லாஹ் தாற றிஸ்க், நம்மட சாப்பாடு! அரபி வியாபாரி அதத் தேடித்தான் கப்பலேறினான். துறமுகத்துல இத்தாலிக்காரன் அந்தச் சொல்லப் புடிச்சான். அவன்ட்ட இருந்து பிரெஞ்சுக்காரன், மறுகா இங்கிலீசுக்காரன்."

"நிச்சயமா?"

"சிலபேர் இல்ல எண்டும் செல்றாங்களாம். கிரேக்க பாசையில கடல் பாறைக்கிப் பேராம். கப்பல் மோதி ஒடையிற பாறை."

"அது பொருந்துது," எண்டாள் றுஸ்தா, கீர ஆஞ்சுக்கிட்டு.

"எதெண்டாலும் கடல்தான் புள்ள! றாஸிக் மச்சான்ட தோணியில இடமும் கேட்டுட்டன்."

இப்ப இவள் அழுவாள், கையப் புடிச்சி மறிப்பாள், பொஞ்சாதி விடல்ல எண்டு மானத்தோட நிண்டுடலாம். அதுதான் முபீன்ட திட்டம்.

"போய்ட்டு வாங்க," எண்டாள் அவள். மறுகா வேலியடிக்கிப் போனாள். "பூமணியக்கா! தையல் வேல ஒண்டு இரிக்கி. அவசரம்!"

பூமணிட தையல் மிசினவிட அவள்ர வாய் வேகம். "என்ன துணி புள்ள?"

"வெள்ள. முழு வெள்ள. தல மூட, கை மூட."

"கனநாளைக்கி உடுக்கவோ?"

"ஓம் அக்கா. மாத்தி உடுக்க ரெண்டாத் தைங்க."

முபீன் வேலியடிப் பக்கம் காதத் திருப்பினான். முழு வெள்ளயா? புருசன் மௌத்தாகி விதவையா இத்தா இரிக்கிற பொண்டுகள்தானே இப்பிடி உடுத்துக்கிட்டு அறைக்குள்ள இரிக்கிற!

"என்னத்துக்குப் புள்ள இப்ப வெள்ள?"

"வேணுங்கிற நேரம் ஓடித்திரிய ஏலாதே. நீங்க ஏன் யோசிக்கிறீங்க? நீங்க ரிஸ்க் எடுக்கிற மனிசன்." செல்லிக்கிட்டே அறை ஜன்னலுக்கு மொத்தச் சீல ஒண்டக் கட்டினாள். "உங்கட உம்மாக்கும் கோல் எடுத்தன். வந்து நிக்கட்டும். ஊட்டுல ஆக்கள் இரிக்கிறது நல்லந்தானே."

"உம்மாக்கு ஏன் கோல்?"

"சும்மா."

அந்த 'சும்மா' முபீன்ட உசிர வாங்கிட்டு. பொழுதுபட மஃரிபுக்குக் காய்ச்சல் வந்திச்சி. விடிய சுபஹுக்கு வகுத்தாலயும் போச்சி. றாஸிக் வந்து கதவத் தட்டவும் இல்ல, கோல் எடுக்கவும் இல்ல. அல்ஹம்துலில்லாஹ் எண்டு போர்வய இழுத்து மூடிக்கிட்டான்.

பகல் லுஹருக்குப் பொறகு றாஸிக் ஒரு கூட சூரை மீனோட வந்தான்.

"மச்சான், எனக்குச் செரியான வகுத்துவலி, அதான் வரல்ல..." எண்டு முனகினான் முபீன்.

"அதுக்கென்ன மச்சான். நீங்க இடம் கேட்ட கையோட தங்கச்சிக்கிச் சென்னன். 'ஐஸ் பொட்டிய ஏத்துங்க காக்கா, அவர் வரமாட்டார்' எண்டாள். உங்கட இடத்துல ஐஸ் பொட்டிதான் கடலுக்குப் போய் வந்திச்சி."

அந்நேரம் பாத்து மகள் அம்ஹா ஓடி வந்தாள். "வாப்பா! பூமணி மாமி தைச்ச பள்ளிக்கூட உடுப்பு! அழகா?"

முழு வெள்ள. தல மூட, கை மூட.

முபீன் மெதுவாத் திரும்பி றுஸ்தாவப் பாத்தான். அவள் மீன் கூடயயும் கத்தியயும் அவன்ட பக்கம் தள்ளினாள்.

"வெட்டித் தாங்க. கத்தி கூர், கை கவனம். இண்டைக்கி உங்கட ரிஸ்க் அவ்வளவுதான்."