நோயெமிக்கு நான் கத்திய ஒற்றையெழுத்து வாழ்த்து

மிகுந்த அன்புக்கும், அதைவிடக் கொஞ்சம் கூடுதலான பயத்துக்கும் உரிய ஒடீல் அக்காவுக்கு, தம்பி கஸ்பார் எழுதிக்கொண்டது.

இங்கே நானும் என் வீட்டுக்காரி மிரேயும் மாடுகளும் நலம். லியோனில் உன் மாடிவீட்டுக்காரர் டிரம்பெட் ஊதுவதை நிறுத்தியிருப்பார் என்று நம்புகிறேன். ஈஸ்டருக்கு நீ வந்தே ஆகவேண்டும். என் மகள் நோயெமி உன் பேச்சுக்கு மட்டும்தான் அடங்குவாள். பனிச்சறுக்குப் பந்தயத்தை விட்டுவிட்டு, நம் சீஸ் பட்டறையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி நீதான் புத்தி சொல்ல வேண்டும்.

கம்பங்களுக்கு நடுவே தனியாகச் சறுக்கிக்கொண்டு மரியாதையாகத்தான் ஆரம்பித்தாள். பிறகு, "தனியாப் போய் யாரைப்பா ஜெயிக்கிறது, கடிகாரத்தையா?" என்று கேட்டுவிட்டு ஸ்கி கிராஸுக்குத் தாவினாள். நாலு பேரை ஒன்றாக அவிழ்த்துவிடுகிறார்கள், மேடும் வளைவுமான சரிவில் முட்டி மோதி வருகிறார்கள், முதல் இருவர் அடுத்த சுற்றுக்கு, மீதிப் பேர் ஆம்புலன்ஸுக்கு. முதலில் காறை எலும்பு, பிறகு இடது முட்டி, அது ஆறியதும் வலது முட்டி கோபித்துக்கொண்டது.

இதற்கெல்லாம் நானே காரணம் என்கிறது ஊர். பந்தயத்துக்குப் போகிறவரை "பீ!" என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டுமாம், வேறு வாழ்த்து விளங்காதாம், பதிலுக்கு நன்றியும் சொல்லக் கூடாதாம். கோவிலில் பாடுகிற வாயால் அதை எப்படிச் சொல்வேன்? "நல்லபடியாப் போய்ட்டு வாம்மா" என்பேன். அவளும் "நன்றிப்பா" என்று சொல்லிவிட்டுப் போய் விழுவாள். மதுக்கடை ஃபெலிக்ஸ், "உன் மரியாதை இன்னும் எத்தனை எலும்பைய்யா கேக்கும்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிட்டான்.

போன ஞாயிறு நம் மலையிலேயே இறுதிச் சுற்று. மிரேய் என் விலாவில் இடித்து, "இன்னிக்கும் மரியாதையா வாழ்த்தினீங்கன்னா வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க!" என்றாள். கண்ணை மூடிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கத்தினேன். அந்த நேரம் பார்த்து அறிவிப்பாளர் மூச்சு வாங்க நிறுத்தியிருந்தார். மலைக்கு அந்தச் சொல் பிடித்துப்போய்த் திருப்பித் திருப்பிச் சொன்னது. பக்கத்திலிருந்த பாதிரியார், "கஸ்பார், பாட்டுல ஒருநாள்கூட உன் உச்சரிப்பு இவ்வளவு தெளிவா இருந்ததில்லையே" என்றார்.

நோயெமி சிரித்த சிரிப்பில் கடைசியாகத்தான் கிளம்பினாள். வளைவில் ஆஸ்திரியாக்காரி விழுந்தாள், கனடாக்காரியோடு இவள் தோள் உரச வந்தாள், முடிவில் குப்புற விழுந்து வயிற்றாலேயே சறுக்கிக் கையை நீட்டினாள். படத்தைப் பார்த்து, கையுறை முந்திக்கொண்டதென்று இரண்டாமிடம் கொடுத்தார்கள். அவள் மேடையேறியது இதுவே முதல் முறை. நான் வெட்கமில்லாமல் அழுதேன் அக்கா. ஆனால் அவள் கட்டைவிரல் முறிந்துவிட்டது. போதும், பேர் கிடைத்தாயிற்று, பெண் முழுசாக வீடு திரும்பட்டும். நீ வந்து சொல்.

அத்தானுக்கு என் வணக்கம். ஆண்டவர் உன் வீட்டையும், முக்கியமாக உன் காதுகளையும் காப்பாராக.

உன் தம்பி,
கஸ்பார்

பி.கு: உறையை ஒட்டப்போகும்போது நோயெமி போன் செய்தாள். "போதும்னு தோணுதுப்பா. நிறுத்திட்டு வீட்டுக்கே வந்துடட்டுமா?" என்றாள். நான் குதித்துக் கும்மாளமிட்டிருக்க வேண்டாமா? "என்னது, நிறுத்தறதா? முதல்ல வந்தவ ஸ்விஸ்காரி! ஓட்டை சீஸ் விக்கிறவங்க முன்னால நான் எப்படித் தலை நிமிர்றது?" என்று கத்திவிட்டேன். பிறகு, "நீங்க ஒரு தடவையாவது 'நிறுத்தாதே'ன்னு சொல்ல மாட்டீங்களான்னு இத்தனை வருஷமாக் காத்திருந்தேன்பா" என்றாள். ஈஸ்டருக்குக் கட்டாயம் வா அக்கா. அவளை நிறுத்தச் சொல்வதாக இருந்தால் மட்டும் வராதே.