லிஃப்டுக்குள் பிரீடு சார்

தில்லை நகரில் டாக்டர்களுக்குப் பஞ்சமில்லை. ஆனால் ஒரு மனிதரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, நாயாகப் பிறந்திருந்தால் அவர் என்ன இனமாக இருந்திருப்பார் என்று சொல்லக்கூடிய மேதை எங்கள் அடுக்குமாடியில் மட்டும்தான் இருந்தார். அவருடைய பெயர் தபால்காரருக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்கு அவர் பிரீடு சார்.

கல்லூரியில் விலங்கியல் பாடம் எடுத்து ஓய்வுபெற்றவர். எங்கள் சங்கத் தலைவர் அவர் கணக்கில் பாமரேனியன். "இத்தனூண்டு உருவம், தெருவுக்கே கேக்குற சத்தம்." என் கணவர் லேப்ரடார். "தட்டுச் சத்தம் கேட்டா எந்தச் சண்டையும் மறந்துடும், கவனிச்சிருக்கீங்களாம்மா?" கவனித்திருக்கிறேன். மறுக்க வழியில்லை.

இத்தனை தெரிந்தவர் வீட்டில் நாய் கிடையாது. கேட்டால், "வளர்த்தா பாசம் வந்துடும்மா. அப்புறம் புத்தி வேலை செய்யாது" என்பார்.

மூன்றாவது மாடிக்கு ஸ்டெல்லா குடிவந்தாள். பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ், தனி ஆள். கூடவே கன்றுக்குட்டி அளவில் ஒரு ராட்வைலர். பெயர் புஜ்ஜி. அன்று சாயங்காலமே பிரீடு சார் கார் நிறுத்துமிடத்தில் வகுப்பு எடுத்தார்.

"சிப்பிப்பாறை நாய்க்கு ஓட்டம் ரத்தத்துல இருக்கு. இதுக்குக் காவல். தலைமுறை தலைமுறையாப் பொறுக்கி எடுத்து அப்படி வளர்த்திருக்காங்க. பாய்ஞ்சா விடாது."

கடைசி இரண்டு வார்த்தைகள் எல்லா மாடிக்கும் ஏறின. தாய்மார்கள் லிஃப்டை விட்டுவிட்டுப் படியில் இறங்கினார்கள். கடைசியில் தலைவர் கூட்டத்துக்கு நாள் குறித்தார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் இரண்டில் ஒரு முடிவு: நாயை அனுப்பவேண்டும், அல்லது ஸ்டெல்லா காலி செய்யவேண்டும்.

அந்த ஞாயிறு காலை கடைக்குப் போய்விட்டு லிஃப்டில் ஏறினேன். உள்ளே, மொட்டைமாடிக்கு நடக்கப் போகிற பிரீடு சார். மூன்றாவது மாடியில் கதவு திறந்தது. புஜ்ஜியைப் பிடித்தபடி ஸ்டெல்லா. நாய் உள்ளே கால் வைத்தது. "ஐயோ, சாவி!" என்று அவள் திரும்பிய நொடியில் நாயின் வார் கையிலிருந்து நழுவியது. கதவு மூடிக்கொண்டது. லிஃப்ட் கொஞ்சம் நகர்ந்தது. கரண்ட் போனது.

கும்மிருட்டு.

"அசையாதீங்கம்மா. ஓடினா துரத்தும்."

"லிஃப்டுக்குள்ள எங்க சார் ஓடுறது?"

"பையில என்ன?"

"அரைக்கிலோ மட்டன் சார்."

"மேல தூக்கிப் பிடிங்க" என்றார். பையைத் தலைக்கு மேலே தூக்கினேன். வெளியே வாட்ச்மேன் கதவை இடித்தார். புஜ்ஜி உறுமியது. அந்த உறுமல் என் முழங்காலில் அதிர்ந்தது. பிரீடு சார் என் மணிக்கட்டை இறுகப் பிடித்துக்கொண்டார். ஐம்பது வகை நாய்களின் பூர்வீகம் சொல்பவருக்கு உள்ளங்கையெல்லாம் வேர்வை.

ஒருவழியாகச் செல்போன் விளக்கைப் போட்டார். மூலையில் புஜ்ஜி ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. காதுகள் பின்னால் படிந்திருந்தன. பிரீடு சார் உற்றுப் பார்த்தார்.

"கறி வாசனை வந்தும் இது மோந்து பாக்கலை. நடுங்குதும்மா. நம்மளவிட இதுக்குத்தான் பயம்."

வெளியே பார்த்துக் கத்தினார்: "கதவை இடிக்காதீங்க!" பிறகு, வெள்ளை வேட்டியோடு தரையில் உட்கார்ந்தார். நாயைப் பார்க்காமல் பக்கவாட்டில் திரும்பிக்கொண்டு, மெதுவாகப் பேசினார்.

"புஜ்ஜி. ஒண்ணும் இல்லடா. கரண்ட் போயிருக்கு. நம்ம ஊர்ல போறதுதான்."

அவர் அந்தப் பெயரைச் சொல்லி நான் கேட்டதே இல்லை. நாய் நகர்ந்து வந்தது. நான் பையை இன்னும் உயரத் தூக்கினேன். அது அவருடைய கழுத்தருகே மோந்தது. பிறகு அந்தப் பெரிய தலையை அப்படியே அவர் மடியில் வைத்தது. அவர் அதைத் தடவிக்கொடுத்தார். கரண்ட் வந்து கதவு திறந்தபோது இருவரும் எழுந்திருக்கவில்லை. வாசலில் ஸ்டெல்லா அழுதுகொண்டு நின்றாள்.

சாயங்காலக் கூட்டத்தில் தலைவர் ஆரம்பித்தார். "சார், பாய்ஞ்சா விடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

"சொன்னேன். அந்த இனத்தைப் பத்திச் சொன்னேன். புஜ்ஜியைப் பத்தி எனக்கு இன்னிக்குக் காலையிலதான் தெரியும்." பிரீடு சார் எழுந்து நின்றார். "ஒரே இனத்துக்குள்ளயே ஒண்ணு மாதிரி ஒண்ணு இருக்காதுங்க. ரத்தம் கொஞ்சம் சொல்லும். மிச்சத்தைப் பழகித்தான் தெரிஞ்சுக்கணும். நான் பழகாமலே பேசிட்டேன்."

"நாளைக்கு யாரையாவது கடிச்சா?"

"ஸ்டெல்லா டியூட்டிக்குப் போற நேரம் நானே வாரைப் பிடிச்சுக்கிட்டு நடக்கிறேன். கடிச்சா முதல்ல என்னைத்தான் கடிக்கணும்."

தெருவுக்குக் கேட்காத குரலில் தலைவர், "சரி" என்றார். புஜ்ஜி தங்கிவிட்டது.

அதன்பிறகு தில்லை நகர் தெருக்களில் புஜ்ஜி முன்னால் போக, பிரீடு சார் பின்னால் இழுபட்டுப் போவார். ஆட்டோக்காரர்கள் ஓரம் கட்டினால், "பயப்படாதீங்க, இவ ரொம்பக் கூச்ச சுபாவம்" என்று நின்று விளக்குவார்.

போன மாதம் முழங்கால் ஆபரேஷன் ஆகி, கைலாசபுரத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டார். வார் இப்போது என் கையில். படியிறங்கும்போது இரண்டாவது மாடியில், பூட்டிய அவர் வீட்டு வாசலில், புஜ்ஜி நின்றுவிடுகிறாள். லேசாக இழுத்தால் வந்துவிடுவாள். நான்தான் இழுப்பதில்லை.