செரிமானப் பேராசிரியரின் ஃப்ரீசர்

‘எதுக்கும் இருக்கட்டும்’ இனத்தாரை உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. உடைந்த குடையின் கம்பி, சாவி தொலைந்த பூட்டு, பூட்டு தொலைந்த சாவி எல்லாம் இவர்களிடம் பத்திரமாக இருக்கும். முழு வளர்ச்சியடைந்த ஒரு மாதிரியைப் பார்க்க வேண்டுமானால் மினசோட்டாவுக்கு வாருங்கள். பல்கலைக்கழகத் தாவரவியல் கட்டடம், மூன்றாம் மாடி, பேராசிரியர் ஹார்லன் லிண்ட்குவிஸ்ட். முப்பது வருடமாக அவர் ஆராய்வது என்ன தெரியுமா? செடியின் செல் தன் குப்பையைத் தானே தின்று தீர்க்கும் வித்தை.

சிரித்துக்கொள்ளுங்கள்.

பட்டினி கிடக்கும் செல், பழுதானதையெல்லாம் மெல்லிய பையில் சுற்றிக் கட்டி, நடுவில் குளம்போல் வீங்கிக் கிடக்கும் வாக்குவோல் என்ற அறைக்கு அனுப்பும். அங்கே அது கரைந்து மறுபடி உணவாகும். இந்த வித்தை மறந்த செடியைச் சில நாள் இருட்டில் வைத்தால் மஞ்சளடித்துச் சரிந்துவிடும். இதை மேடையில் சொல்லும்போது ஹார்லனுக்குக் கண் கலங்கும். பிறகு ஆய்வகத்துக்குத் திரும்பி, டோனட் வந்த அட்டைப்பெட்டியை மடித்து அலமாரியில் வைப்பார்.

மைனஸ் எண்பது டிகிரியில் அவருக்கு ஒரு ஃப்ரீசர். அதற்குள் ‘புதுசு’, ‘ரொம்பப் புதுசு’, ‘இதுதான் சரியானது’, ‘தொடாதே – டுவேன்’ என்று எழுதிய குழாய்கள். டுவேன் யார்? படிப்பைப் பாதியில் விட்டு அலாஸ்காவுக்கு மீன்பிடிக்கப் போனவர். போய் இருபத்திரண்டு வருடம்.

ஐந்தாம் ஆண்டு ஆய்வு மாணவி ரமோனா போலியூவுக்கு அதில் ஒரே ஒரு பெட்டி. நாற்பத்தெட்டுக் குழாய்களில், பட்டினி போட்ட நாற்றுகளின் இலைகள். மூன்று வருட உழைப்பு. அது இல்லையென்றால் பட்டம் இல்லை. ஒவ்வொரு குழாயிலும் பெயர், தேதி, செடி, நேரம் எல்லாவற்றையும் அச்சிட்டு ஒட்டியிருந்தாள். செய்யக்கூடாத தவறு அதுதான்.

மார்ச் மாதம், பனிக்கட்டி மண்டி ஃப்ரீசர் கதவு மூட மறுத்தது. கொஞ்சம் இடம் பண்ணுங்கள் என்று துறை உத்தரவிட்டது. ஹார்லன் தாமே முன்வந்தார். மறுநாள் காலை ரமோனா வந்து பார்த்தால், பெட்டியைக் காணோம்.

“ஹார்லன், என் பெட்டி எங்க?”

“எதும்மா, லேபிள் ஒட்டுனதா? தூக்கிப் போட்டுட்டேனே.”

“என்னது! டுவேன் பெட்டி இருபது கெடக்கு, என்னோடதையா?”

“கோவப்படாதே. உன்னோடதுல எல்லாம் எழுதியிருக்கு, திரும்பச் செஞ்சுக்கலாம். டுவேனோடது என்னன்னே தெரியாது. தெரியாததை எப்படிம்மா தூக்கிப் போடுறது?”

“திரும்பச் செய்ய மூணு வருஷம் ஆகும்! அதுவரைக்கும் டுவேன் வந்து எனக்குச் சோறு போடுவாரா?”

கீழ்த்தளக் குப்பை அறைக்கு ஓடினாள். பெட்டியைப் போட்ட பை இல்லை. எரித்துவிட்டார்களா? மேலே வந்து நாற்காலியில் சரிந்தாள். ஹார்லன் தொண்டையைச் செருமினார்.

“அது வந்து... கீழ கொண்டுபோகல. போற வழில ஒரு யோசனை. பக்கத்து லேப் ஃப்ரீசர்ல கொஞ்சம் எடம் இருந்துது. எதுக்கும் இருக்கட்டும்னு...”

இருந்தது! போட்ட முடிச்சு அவிழாமல், உறைந்தபடி. பழைய குப்பைப் பைகள் நான்கின் துணையோடு. பேராசிரியருக்குச் சுற்றிக் கட்டும் வரை கச்சிதம், கரைப்பதுதான் வராது. இதே கோளாறு ஒரு செடிக்கு இருந்தால் ஹார்லனே அந்தப் பிறழ்வுக்கு ஒரு எண் கொடுத்து நான்கு கட்டுரை எழுதியிருப்பார்.

பெட்டியை அணைத்துக்கொண்டு ரமோனா அழுதாள். ஹார்லனின் முகத்தில் ஒளி.

“பாத்தியா? நான் எதையும் தூக்கிப் போடாததாலதான் உன் படிப்பு பொழைச்சுது.”

அவர் சொன்னது உண்மை. கொடுமையே அதுதான். கண்ணைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தாள். தன் பெட்டியின் மூடியில் பெரிதாக எழுதினாள்: ‘தொடாதே – டுவேன்’.

நீங்கள் அப்படியில்லை, தெரியும். உங்கள் மேசை இழுப்பறையில் இருக்கும், எந்தப் போனுக்கென்று தெரியாத ஏழு சார்ஜர்கள் வேறு யாரோ வைத்தவை. இருந்தாலும் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள், அந்தச் செடிபோல ஓரத்தில் லேசாக மஞ்சளடிக்கிறதா என்று.