வலிய வந்த பணியாரம்

செட்டிநாட்டில் சாப்பிட உட்கார்ந்து "போதும்" என்று சொல்லி, அதில் ஜெயித்தும் காட்டிய ஒரே ஆள் எங்கள் பங்குதான். நீங்களோ நானோ போதும் என்றால் இலையில் இன்னும் ரெண்டு கரண்டி விழும். பங்கு சொன்னால் பரிமாறுகிறவர் கரண்டியோடு அப்படியே நின்றுவிடுவார். ஏனென்றால் அவன் வெறுமனே போதும் என்று சொல்லமாட்டான். காரணமும் சொல்வான்.

பங்கு என்பது காரைக்குடி ஹாஸ்டலில் நாங்கள் வைத்த பேர். கம்பெனிப் பங்குகளின் விலையைப் பற்றி பிஎச்.டி. பண்ணிக்கொண்டிருந்தான். நான் அதே அறையில் இருந்துகொண்டு இரும்பு ஏன் துருப்பிடிக்கிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தேன். என்னிடம் துருவைப் பற்றி ஒரு ஜீவன்கூடக் கேட்டதில்லை. அவனிடமோ வாட்ச்மேன் முதல் வார்டன் வரை வந்து, "எந்தக் கம்பெனியில போடலாம்?" என்று காதைக் கடிப்பார்கள். அவன் வாழ்நாளில் ஒரு பங்குகூட வாங்கியவனில்லை. "எதை வாங்கலாம்னு எனக்குத் தெரியாதுண்ணே. விக்கிறவுக ஏன் விக்கிறாகன்னுதான் பாக்குறேன்" என்பான். வந்தவர்கள் நொந்துபோய்த் திரும்புவார்கள்.

அவன் ஆராய்ச்சி இதுதான். ஒரு கம்பெனியின் உண்மையான மதிப்பு உள்ளே இருக்கிற முதலாளிக்குத் தெரியும். வெளியே இருக்கிற நமக்குத் தெரியாது. அப்படியிருக்க, முதலாளியே வலிய வந்து "புதுப் பங்கு தர்றேன், வாங்கிக்கங்க" என்றால் என்ன அர்த்தம்? சந்தையில் விலை தாறுமாறாக ஏறிக் கிடக்கிறது, அது அவருக்குத் தெரிந்திருக்கிறது. விலை குறைவாகக் கிடக்கும்போது யாராவது தன் பங்கை விற்பார்களா? கடனை உடனை வாங்கி ஒப்பேற்றுவார்கள். இது புத்தகத்தோடு நின்றிருந்தால் எனக்கு இங்கே எழுத ஒன்றுமில்லை. பங்கு இதை மெஸ்ஸுக்குக் கொண்டுவந்துவிட்டான்.

எங்கள் சமையல்காரர் முத்தையா அண்ணன். கறிக்குழம்பில் மன்னன். மற்றதெல்லாம் சுமார். ஒருநாள் வாளியோடு வந்து, "உப்புமா இன்னுங் கொஞ்சம் வச்சுக்கங்க தம்பி" என்றார்.

பங்கு தட்டைக் கையால் மூடினான். "ஏண்ணே வலிய வந்து வைக்கிறீக? உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்குத்தானே தெரியும்?"

"என்ன தம்பி இப்படிக் கேட்டுப்புட்டீக! காலைல கிண்டுனது."

"எந்தக் காலைலண்ணே?"

அண்ணன் வாளியை அங்குட்டுக் கொண்டுபோய்விட்டார். பங்கு விடவில்லை. பின்னாலேயே அடுப்படிக்குப் போய், மூலையில் மூடி வைத்திருந்த கிண்ணத்தைக் காட்டி, "அது என்னது?" என்றான். "அது ஒண்ணுமில்ல தம்பி, எனக்குன்னு எடுத்து வச்சது" என்று அண்ணன் முழித்தார். "அப்ப அதுதான் வேணும்!" திறந்தால் நாட்டுக்கோழி வறுவல். நானும் அவனோடு சேர்ந்துகொண்டேன் என்பதைச் சொல்லவும் வேண்டுமா?

ஆனால் எல்லா இடத்திலும் கோழி கிடைக்கவில்லை. குன்றக்குடி போக பஸ்ஸுக்கு நின்றோம். காலியான பஸ் ஒன்று வந்தது. "உக்காந்து போகலாம், வாங்க வாங்க!" என்று கண்டக்டர் கூவினார். பங்கு என் சட்டையைப் பிடித்து இழுத்து, "இவ்வளவு கூப்பிடுறாருன்னா என்னமோ இருக்குடா" என்றான். அடுத்து வந்த பஸ்ஸில் மூச்சுவிட இடமில்லை. யாரும் கூப்பிடவும் இல்லை. ஆனந்தமாக ஏறினான். நான் குன்றக்குடி வரைக்கும் ஒற்றைக்காலில் நின்றேன், முருகனே என்று.

இதற்கிடையில் அவன் பிழைப்பு நாறிக்கொண்டிருந்தது. முதலாளிகளுக்கு அனுப்பிய கேள்விகளுக்கு ஒருவரும் பதில் போடவில்லை. தீசிஸ் கொடுக்க வாங்கிய கடைசி நீட்டிப்பும் ஓடிக்கொண்டிருந்தது. அதுவும் முடிந்தால் பட்டம் இல்லை, இத்தனை வருஷமும் வீண். யார் யாரையோ பிடித்து, கொத்தமங்கலத்தில் நூல் மில் நடத்தும் ஆச்சி ஒருவரைப் பார்க்க ஏற்பாடு பண்ணினோம்.

ஆச்சி முதலில் இலை போட்டார். வெள்ளைப் பணியாரம் வந்தது. ரெண்டு உள்ளே போனதும், "இன்னும் வைக்கவா தம்பி?" என்றார். பங்கு இலைக்குக் குறுக்கே கையை நீட்டினான். நான் அவன் காலை மிதித்தேன். பிரயோஜனமில்லை. தியரி முழுவதையும் சொல்லி முடித்துவிட்டான். நான் வாசல் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொண்டேன்.

ஆச்சி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "அது சரி. ஆனா சுட்டது நானில்லையே தம்பி, சமையக்காரவுக. உள்ள என்னன்னு எனக்கும் தெரியாது. சாப்பிடுங்க!"

இப்படி ஒரு பதில் எந்த ஆராய்ச்சிக் கட்டுரையிலும் இல்லை. பங்கு இலைக்கு மேலிருந்த கையை எடுத்துவிட்டுச் சாப்பிட்டான்.

பிறகு ஆச்சி மனம்விட்டுப் பேசினார். ஒரு வருஷம் மில் பங்கின் விலை அதலபாதாளத்தில் கிடந்தபோது தன் கையிலிருந்த பங்குகளை விற்றாராம்.

"ஏன் ஆச்சி? விலை கம்மின்னு உங்களுக்குத் தெரியும்ல?"

"நல்லாத் தெரியும். பேங்குல கடன் இல்லைன்னுட்டாக. தீபாவளி வந்துருச்சு. வேலை பாக்குறவுக போனஸை எதிர்பாத்து நிக்கிறாக. வித்தேன்."

திரும்பி வரும்போது பங்கு ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான். "தெரிஞ்சே வித்திருக்காகடா" என்றான். கண் பளபளவென்று இருந்தது. அன்றைக்கே கடைசி அத்தியாயத்தை ஆரம்பித்துவிட்டான். தன் தியரி இந்த இடத்தில் பொருந்தவில்லை என்று அவனே ஒப்புக்கொள்வதுதான் அந்த அத்தியாயம்.

வழிகாட்டிப் பேராசிரியர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "இதை எடுத்துருப்பா. வெளியூர்ல இருந்து வர்ற எக்ஸாமினர் பொல்லாத மனுஷன். நீயே ஓட்டையைக் காட்டிக் குடுப்பியா? அவரு வேண்டாம்னுட்டா உனக்கு வேற வழியில்ல."

"நல்லதை மட்டும் நானே எடுத்து நீட்டுனா அவர் எப்படி சார் நம்புவாரு?"

நானும் கெஞ்சினேன். எடுக்கமாட்டேன் என்றுவிட்டான், பிடிவாதக்காரன்.

வாய்மொழித் தேர்வு அன்று எக்ஸாமினர் நேராகக் கடைசி அத்தியாயத்தைப் பிரித்தார். "இதை யார் எழுதச் சொன்னாங்க?"

"எடுக்கத்தான் சொன்னாங்க சார்." பேராசிரியர் மின்விசிறியை அண்ணாந்து பார்த்தார்.

"சரி, உங்க தீசிஸ் நல்லா இருக்குன்னு நினைக்கிறீங்களா?"

"அதை நான் சொல்லக்கூடாது சார். எழுதுனவன் நான்."

அறையே சிரித்தது. எக்ஸாமினர் கண்ணாடியைக் கழற்றினார். "இதைப் படிச்ச பிறகுதான் முன்னாடி எழுதியிருக்கிறதையும் நம்புனேன்" என்று கையெழுத்துப் போட்டார். பங்கு டாக்டராகிவிட்டான்.

மறுநாள் காலை பெட்டியோடு கிளம்பினான். முத்தையா அண்ணன் தட்டோடு ஓடிவந்தார். "தம்பி, வெள்ளைப் பணியாரம். உங்களுக்குன்னே நானே சுட்டேன். சாப்பிடாமப் போகக்கூடாது."

பங்கு தட்டைப் பார்த்தான். அண்ணனைப் பார்த்தான். கை எப்போது தட்டை மூடும் என்று நான் காத்திருந்தேன். அவன் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்தான். "இன்னும் வைக்கவா?" என்றார் அண்ணன். "வைங்கண்ணே."

நான் ஒன்றை எடுத்துக் கடித்தேன். உள்ளே பச்சை மாவு, அதில் உப்பு வேறு இரட்டிப்பு. தியரி அன்றைக்கும் பொய்க்கவில்லை. சொல்ல வாயைத் திறந்தேன். மேசைக்கு அடியில் பங்கு என் காலை ஓங்கி மிதித்தான்.

"அருமைண்ணே" என்று தட்டைக் காலி பண்ணினான்.

இப்படி நானே வலிய வந்து அவனை உங்களிடம் புகழ்கிறேன். படித்தால் ஒரு வரிகூட நம்பமாட்டான். நம்பாவிட்டால் போகட்டும். தங்கமான பயல்.