பல்லி உத்தரவு கொடுத்த ஆல்பம்

மல்லசமுத்திரம்,
வியாழக்கிழமை.

அன்புள்ள தம்பி சின்னுசாமிக்கு, அக்கா பாப்பாயி ஆசீர்வதித்து எழுதுவது. அம்மன் புண்ணியத்தில் இங்கு நானும் உன் மச்சானும் நாலாயிரம் கோழிகளும் சுகம். சூரமங்கலத்தில் நீயும், ஆழ்துளைக் கிணறு போடும் உன் ரிக் வண்டிகள் இரண்டும் சுகமாக இருக்க வேண்டுமென்று விளக்குப் போட்டிருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்பாய். உன் மகன் கௌசிக் பேச்சை எடுத்தாலே நீ போனைக் கட் பண்ணுகிறாய். கடிதத்தைக் கட் பண்ண முடியாது. உன் டிரைவர் மோகன்குமார் முந்திக்கொண்டு சொல்லிவிடக் கூடாதென்று அவனை இன்னும் இங்கேயே பிடித்து வைத்திருக்கிறேன். அவன் கையிலேயே இதைக் கொடுத்து, நீ படித்து முடிக்கும்வரை எதிரில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். பல்லி சொல்லிவிட்டது. ஞாயித்துக்கெழம கௌசிக்கோட மொதப் பாட்டு ஆல்பம் வெளிய வருது, நீ வந்து கம்ப்யூட்டர் பட்டன அமுக்கோணும். வாக்குக் குடுத்தவன் நீ. ‘குலதெய்வக் கோயில்ல பல்லி வலப்பக்கம் சொன்னா நானே வந்து நிக்கறேன், சொல்லாட்டி திங்கக்கெழம அவன் ரிக் வண்டி ஏறி வடக்க போர் போடப் போகோணும்’னு நீ போன்ல கத்துனது பக்கத்து ஊட்டு அனிதாவுக்கே கேட்டுச்சு.

ரிக் தொழிலு வேண்டாம்னு உன்னோட சண்ட போட்டுட்டு வந்த கௌசிக் நேரா எங்க தீவன ரூமுக்குள்ள பூந்தான். செவுத்தச் சுத்தித் தீவன மூட்டைய அடுக்குனான், வெளிச் சத்தம் உள்ள வரக்கூடாதாமா. உன்ற மச்சான் கதவத் தட்டி, ‘ஏனுங்க மாப்ள, ஒரே ஒரு மூட்ட குடுங்க, கோழியெல்லாம் கத்துது’ன்னு நின்னாரு. ‘கத்தட்டுங்க மாமா, அதயும் புடிச்சுக்கறேன்’னு மைக்கோட வெளிய வந்தான். இளம்பிள்ளைக்குச் சேலை எடுக்கக் கூட்டிட்டுப் போனா, சேலையப் பாக்காம தறிக்குப் பக்கத்துல மைக்க நீட்டிட்டு நிக்கறான். அவன் பண்றதுக்குப் பேரு மினிமல் ஹவுஸாமா. ‘டும்’னு ஒண்ணு வரும். அப்பறம் சித்த நேரம் ஒண்ணும் இருக்காது. மறுக்கா அதே ‘டும்’. நடுவால தூறல் போடற மாதிரி, தூரத்துல தறி ஓடற மாதிரி என்னமோ ஒண்ணு. பாட்டுங்கற, பாடறவன் எங்கடான்னேன். ‘பாடறவங்க இல்லீங்கத்தை, நீங்க சும்மா அதுக்குள்ள போயி உக்காரோணும்’ங்கறான்.

ஒரு நா வெடியால, போர் மோட்டார் காத்து இழுக்குதுன்னு உன்ற மச்சான் ஓடிப் போயி நிறுத்துனாரு. நிறுத்தியும் ‘டும் டும்’ங்குது. மெக்கானிக் சின்னராஜு வந்து குழாயெல்லாம் உருவி மோட்டார வெளிய எடுத்துப் போட்டாரு. களத்துல கெடக்கற மோட்டாரச் சுத்தி மூணு பேரும் நிக்கறோம், அப்பவும் ‘டும்’ங்குது. சின்னராஜு செருப்பக் கழட்டிப் போட்டுட்டுக் கும்புட்டாரு. அப்பறந்தான் சத்தம் தீவன ரூம்லருந்து வருதுன்னு தெரிஞ்சுது. கழட்டிப் போட்ட மோட்டாருக்கே உசுரு குடுக்கற பாட்ட ஊரறிய வெளியிடாம உடறதில்லைன்னு அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன்.

நேத்துக் கோயிலுக்குப் போனோம். கௌசிக் வரல, ஆல்பத்துக்கு அட்டைப்படம் செய்யோணும்னுட்டான். கிளம்பறப்ப என்ற போன்ல ஆல்பத்தப் போட்டுக் குடுத்து ‘முழுசாக் கேளுங்கத்தை’ன்னான். திரி உருட்டிட்டே காத வெச்சேன். அந்த டும்கூட இல்ல. சவுண்ட முழுசும் ஏத்தியும் ஒண்ணுங் கேக்கல. முடிஞ்சு போச்சாட்டம்னு போனை மஞ்சப்பையில தேங்கா பழத்தோட வெச்சுட்டுப் பொறப்பட்டேன்.

நானும் உன்ற மச்சானும், சாட்சிக்கு நீ அனுப்புன மோகன்குமாரும் அம்மன் முன்னால உக்காந்தோம். வெளிய தூறற சத்தம். எட்டிப் பாத்தா வெயிலு பொளக்குது. அதுவே நல்ல சகுனம்னு நெனச்சேன். பல்லி மட்டும் வாயத் தொறக்கல. மோகன்குமாரு, ‘ஏனுங்கம்மா, கிளம்பலாமுங்களா’ன்னான். ‘உக்காருடா, அம்மன் என்ன டோல்கேட்டா, உன்ற வண்டியப் பாத்தவொடனே தொறக்கறதுக்கு?’ன்னேன். சொல்லி வாய மூடல, ‘டிக் டிக் டிக்’. வலப்பக்கம்! மஞ்சப்பை வெச்சிருந்த பக்கம்! அது மட்டுமா, பின்னாலயே ஒரு இருமல். அச்சு அசலா உன்ற இருமல். ‘மொதலாளி வந்துட்டாருங்களா’ன்னு மோகன்குமாரு எந்திரிச்சே நின்னுட்டான். நீ சூரமங்கலத்துல இருக்கற. அப்ப ஆரு? நம்மளப் பெத்த அய்யன்தான், அவரு இருமலும் இதேதான்! செத்துப்போன மனுசன், பேரன் பாட்டுக்கு உத்தரவு குடுக்க நேர்ல வந்து இருமிட்டுப் போயிருக்காரு. எனக்குக் கண்ணுல தண்ணி. உன்ற மச்சான் கோயில் மணிய அடிச்சாரு பாரு, அதுக்கப்பறம் ஒண்ணுமே காதுல உழுகல.

பந்தலுக்குச் சொல்லியாச்சு. ஒரம்பரை, சொந்தபந்தத்துக்கெல்லாம் சொல்லியாச்சு. பொங்க வெச்சு, கம்ப்யூட்டருக்குச் சந்தனம் குங்குமம் வெக்கறோம். ‘மஞ்சத் தண்ணி மட்டும் தெளிக்காதீங்கத்தை’ன்னு பையன் கையெடுத்துக் கும்புட்டான், சரின்னுட்டேன். அவ்வளவுதான் நா எறங்கி வருவேன். நீ சாக்குச் சொல்லப்படாது. அம்மனும் அய்யனும் சேந்து சொன்னத மீறுனா, நீ போடற போர்ல தண்ணி வராது, புகைதான் வரும்.

உனக்கும் உன் தொழிலுக்கும் குறையில்லாமல் அம்மன் காக்கட்டும். ஞாயித்துக்கெழம வெடியால வெள்ள வேட்டியோட வந்து எறங்கு.

இப்படிக்கு,
உன் அக்கா பாப்பாயி.

பின்குறிப்பு: கவர ஒட்டறதுக்கு முன்னால கௌசிக்குகிட்டப் படிக்கக் குடுத்தேன். சிரிச்சான், அப்பறந்தான் சொன்னான். அந்தப் பல்லி அவனோட கடேசிப் பாட்டுல இருக்கற பல்லியாமா. பைக்குள்ள போன் ஓடிட்டேதான் இருந்திருக்குது, அந்தத் தூறலும் அதுதான். ‘டும்மு அடிச் சத்தம், சின்ன போன் ஸ்பீக்கர்ல கேக்காதுங்கத்தை, பல்லி கேக்கும்’ங்கறான். ரெண்டாவது ரிக் வாங்கறதுக்கு நீ அதே கோயில்ல உத்தரவு கேட்டு உக்காந்தியே, அன்னிக்கு உன்ற பக்கத்துல உக்காந்து மைக்குல புடிச்சதாமா. ஆக, பல்லி சொன்னது உன்ற வண்டிக்கு. பாட்டுக்கு அம்மன் இன்னும் ஒண்ணுஞ் சொல்லல. அய்யனும் வரல, அந்த இருமல் நீதான். மேல எழுதுனதுல கோழி சுகம்ங்கறத மட்டும் நம்பு.

ஹெட்போன மாட்டி உட்டான், கேட்டேன். டும். பல்லி. இருமல். அப்பறம் மெதுவா, பையன்கிட்டச் சொல்ற உன்ற கொரலு: ‘சத்தம் போடாத சாமி, கேளு.’ அந்தப் பாட்டுக்குக் ‘கேளு’ன்னே பேரு வெச்சிருக்கறான்.

சனிக்கெழமயே வா, உன்ற முன்னாலயே மறுக்கா உத்தரவு கேக்கலாம். போனை ஊட்டுல வெச்சுட்டு வாரேன். பல்லி சொன்னாலும் சொல்லாட்டியும் பந்தலப் பிரிக்க மாட்டேன். வாரப்பத் தொண்டைக்கு மருந்து கிருந்து குடிச்சுட்டு வந்துராத, அடுத்த ஆல்பத்துக்கும் அந்த இருமல் வேணுமாமா.