பூட்டக்கா தூக்கிப்போட விடாத சாவி

திருப்பதியில் ஏழுமலையானுக்கு அடுத்தபடியாக அதிகம் பேருடைய பொருளுக்குக் காவல் இருந்தவர் எங்கள் பூட்டக்காதான். இதை எந்தக் கோபுர வாசலில் நிறுத்திக் கேட்டாலும் சொல்வேன். பெருமாளுக்காவது நடை சாத்தினால் கொஞ்சம் ஓய்வு உண்டு. பூட்டக்காவுக்குச் சாத்தின பிறகுதான் வேலையே ஆரம்பம்.

அவருக்கு வீட்டில் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது புழங்கவில்லை. அவருடைய கணவரே ஆபீசுக்குப் போன் செய்து, "பூட்டக்கா கீறாங்களா?" என்றுதான் கேட்பார். பாவம், அவருக்கும் பழகிவிட்டது.

பூட்டைப் பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்க வேண்டும் என்பது அக்காவின் சட்டம். "இஸ்துப் பாத்தியா?" என்பதுதான் அவர் எங்களுக்குச் சொல்லும் காலை வணக்கம். தினமும் புத்தூரிலிருந்து ரயிலில் வருவார். ஒருநாள் ரேணிகுண்டாவில் வண்டி நின்றதும் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது. இறங்கி, எதிர் வண்டி பிடித்து வீட்டுக்குப் போய், பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு மதியம் ஆபீசுக்கு வந்து சேர்ந்தார். "பூட்டி இருந்துச்சா அக்கா?" என்று கேட்டேன். "பூட்டித்தான் இருந்துச்சு. ஆனா அது எனக்குத் தெரியாதே" என்றார்.

அவருடைய சாப்பாட்டு கேரியருக்குக்கூட ஒரு சின்னப் பூட்டு உண்டு. எங்கள் ஆபீஸ் ஷட்டரின் கைப்பிடி பூட்டாமல் போனதால் உடையவில்லை, அக்கா இழுத்து இழுத்தே கையோடு வந்துவிட்டது. ஒருமுறை நான் பைக்கில் சாவியை மறந்துவிட்டேன். அக்கா என் வண்டிக்குத் தன் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் கைப்பையில் போட்டுக்கொண்டு, இரண்டு நாள் லீவில் போய்விட்டார். நான் வேலூரிலிருந்து பிழைக்க வந்தவன். புது ஊரில் இரண்டு நாளும் நடந்தேன். திரும்பி வந்த அக்கா, "வண்டி பத்திரமா கீது பாரு" என்று பெருமையோடு காட்டினார்.

இந்த ஆபீசுக்கு வருவதற்கு முன்னால் அவர் ஒரு சத்திரத்தில் லக்கேஜ் ரூம் பார்த்துக்கொண்டிருந்தார். மலைக்குப் போகிறவர்கள் பெட்டி படுக்கையை வைத்துவிட்டுப் போகும் அறை அது. எங்கள் முதலாளி அங்கே பெட்டியை வைத்துவிட்டு டோக்கனைத் தொலைத்தார். "டோக்கன் இல்லாம உங்க நைனா வந்தாலும் தர மாட்டேன்" என்றார் அக்கா. முதலாளி ரோஷத்தில் நிஜமாகவே தன் அப்பாவைக் கூட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார். பெரியவருக்கு உட்கார நாற்காலி கிடைத்தது, மோர் கிடைத்தது, பெட்டி கிடைக்கவில்லை. அடுத்த வாரம் முதலாளி அக்காவை வேலைக்கு எடுத்துக்கொண்டார்.

எங்கள் தொழில் என்ன என்று சொல்லவில்லையே. சித்தூர், திருப்பதிப் பக்கத்துப் போட்டோ ஸ்டுடியோக்காரர்கள் எடுக்கிற கல்யாண ஆல்பம், வீடியோ எல்லாவற்றையும் வருடக்கணக்கில் பாதுகாத்துக் கொடுப்பது. கோப்புகள் எங்கள் மேஜையில் இருக்காது. எங்கோ ஒரு பெரிய நிறுவனத்தின் சர்வரில், கிளவுட் என்கிறார்களே, அங்கே இருக்கும். அங்கே அவற்றை ஒரு சாவி போட்டுப் பூட்டி வைப்பார்கள். என்க்ரிப்ஷன் என்பது அதன் படித்த பெயர். சாவி இருந்தால் படம். இல்லையென்றால் வெறும் குப்பை, கடவுளே வந்தாலும் திறக்க முடியாது. இந்தக் கடைசிப் பகுதியைக் கேட்டபோது அக்காவின் முகத்தில் தெரிந்த நிம்மதியை நான் வேறு யார் முகத்திலும் பார்த்ததில்லை. "இது நல்ல பூட்டு" என்றார்.

இனி ஜெயந்தி. பாலசமுத்திரத்துப் பெண். அவளுடைய கல்யாணம் முடிந்து ஒரு மாதத்தில் அவள் அப்பா போய்விட்டார். நிலத்திலேயே கிடந்த மனிதர், போட்டோவுக்கெல்லாம் நின்றதில்லை. ஸ்டுடியோக்காரர் கொடுத்த பென் டிரைவ் கெட்டுப்போனது, ஸ்டுடியோவையும் மூடிவிட்டார்கள். அந்த மனிதர் பேசுவது, நடப்பது என்று உலகத்தில் மிச்சமிருந்தது எங்களிடம் இருந்த அந்தக் கல்யாண வீடியோ மட்டும்தான். பந்தியில் ஒவ்வொரு இலையாக நின்று, "துன்னியா? நல்லா துன்னு" என்று கேட்டுக்கொண்டே போவார். கேமரா தன் பக்கம் திரும்பியதும் கூச்சப்பட்டு, "என்னிய இன்னாத்துக்கு எடுக்கிற? பொண்ண எடுப்பா" என்பார். அவ்வளவுதான்.

அவர் இறந்த நாள் ஆடி மாதத்தில் வரும். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு ஜெயந்தி போன் செய்வாள். "அக்கா, எங்க நைனா கீறாரா?" என்பாள். பூட்டக்கா வீடியோவைத் திறந்து பார்த்துவிட்டு, "கீறாரும்மா. சாம்பார் ஊத்தச் சொல்லிக்கினு கீறாரு" என்று சொல்லி, அவள் போனில் பார்க்கிற மாதிரி லிங்க் அனுப்புவார். ஒருவாரத்தில் அந்த லிங்க் செத்துவிடும். எடுத்து வைத்துக்கொள்ளேன் என்று நான் சொன்னதற்கு ஜெயந்தி, "என் போன்ல வச்சா அழிஞ்சிடும்ணா, அக்காகிட்டயே இருக்கட்டும்" என்றாள்.

ஒரு வருடம் ஆடியில்தான் நான் அந்தப் புண்ணிய காரியத்தைச் செய்தேன்.

பாதுகாப்பைச் சோதிக்க வந்த ஒருவர், "பழைய சாவியை உருவாக்கிய ஆள் வேலையை விட்டுப் போய்விட்டார். புதுச் சாவிக்கு மாறுங்கள்" என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "நுவ்வே சூஸ்கோ, நீயே பாத்துக்க" என்றார். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. செட்டிங்கில் போய் பழைய சாவியை மாற்றிப் புதுச் சாவியைப் போட்டேன். ஐந்து நிமிஷம் ஆனது. பச்சை டிக் வந்தது. சூட்டோடு சூடாகப் பழைய சாவியை அழித்துவிடச் சொன்னேன். அது உடனே அழியாது, எத்தனை நாள் காத்திருக்கட்டும் என்று கேட்டது. குறைந்தபட்சம் ஏழு என்றது, ஏழு கொடுத்தேன். சிவப்பு எழுத்தில் என்னவோ நீளமாக எச்சரித்தது. அதையெல்லாம் யார் படிக்கிறார்கள், நீங்கள் படிக்கிறீர்களா?

அக்கா அன்றைக்கு ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுக்கக் கிளம்பிக்கொண்டிருந்தார். வாசலில் நின்று, "இஸ்துப் பாத்தியா தம்பி?" என்றார்.

"பாத்தேன்கா. புதுசா ஒரு பைல் போட்டுத் தொறந்தேன். தொறந்துச்சு."

"பழசு?"

"எல்லாம் ஒண்ணுதான்கா, நீ கெளம்பு."

அக்கா என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்றும் மறக்கவில்லை. ஆனால் ரயிலுக்கு நேரமாகிவிட்டது, போய்விட்டார்.

ஆடியில் நம் பக்கம் கல்யாணம் ஏது? ஆல்பம் கேட்டு ஒரு போன் வரவில்லை. பழைய கோப்பு எதையும் ஒருவரும் தொடவில்லை. நான் நிம்மதியாக இருந்தேன். ஆறாவது நாள் அக்கா நெற்றி நிறைய விபூதியோடு வந்து எல்லோருக்கும் பிரசாதம் கொடுத்துக்கொண்டிருந்தபோது, ஜெயந்தியின் போன் வந்தது.

"அக்கா, எங்க நைனா கீறாரா?"

"இரும்மா, பாத்து சொல்றேன்" என்று அக்கா திறந்தார். வீடியோ வரவில்லை. மறுபடி திறந்தார். வரவில்லை. திரையில் வந்த இங்கிலீஷை எழுத்துக் கூட்டிப் படித்தார். இந்தச் சாவி அழிப்பதற்காக வைக்கப்பட்டிருக்கிறது, இதை வைத்துத் திறக்க முடியாது என்று அது சொன்னது.

போனை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். "தம்பி, பழைய சாவிய இன்னா பண்ண?"

"அழிக்கச் சொல்லிட்டேன்கா. அதான் புதுசு போட்டாச்சே."

"அடப்பாவி! லக்கேஜ் ரூம் கதவுக்குப் புதுப் பூட்டு போட்டா, உள்ள கீற பொட்டிக்கெல்லாம் பூட்டு தானா மாறிக்குமா? இனிமே வர்ற பொட்டிக்குத்தான்டா புதுப் பூட்டு. முன்னாடி வச்ச பொட்டி முன்ன பூட்டின பூட்டோடதானே கெடக்கும்!"

அவ்வளவும் உண்மை. அந்த மாற்றம் புதிதாக வரும் கோப்புகளுக்கு மட்டும்தான். அதற்கு முன் வந்த அத்தனை கல்யாணமும் பழைய சாவியில்தான் பூட்டியிருந்தது. நாளைக்கு அந்தச் சாவி அழிந்தால் சித்தூர்ப் பக்கத்துத் தாலிகள் அவ்வளவும் போச்சு. பாலசமுத்திரத்துப் பந்தியில் நின்ற அந்த மனிதரும் போச்சு. போனில் ஜெயந்தி, "அக்கா? அக்கா?" என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

அக்கா போனை எடுத்து, "உங்க நைனா இப்பத்தான் கை கழுவப் போயிருக்காரும்மா. அஞ்சு நிமிஷத்துல கூப்பிடறேன்" என்றார். பொய்யே சொல்லத் தெரியாத மனுஷி, அந்த அவசரத்தில் அவருக்கு அதுதான் வந்தது.

"அழிக்கச் சொன்னத நிறுத்த முடியுமா?"

"ஏழு நாளுக்குள்ளன்னா முடியும்கா."

"இன்னிக்கு எத்தினாவது நாளு?"

"ஆறு."

"அப்புறம் இன்னா பாத்துக்கினு நிக்கிற, நிறுத்துடா!"

மௌஸ் என் பேச்சைக் கேட்கவில்லை. எப்படியோ அழிப்பதை ரத்து செய்தேன். சாவி திரும்பி வந்தது, ஆனால் வேலை செய்யாமல் முடங்கிக் கிடந்தது. அதையும் எழுப்பிவிட்டேன். அக்கா வீடியோவைத் திறந்தார். ஆபீஸ் முழுக்கக் கேட்டது: "என்னிய இன்னாத்துக்கு எடுக்கிற? பொண்ண எடுப்பா."

நான் அழுதுவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், தேம்பித் தேம்பி அழுதேன். அக்கா என் தலையில் ஒரு தட்டு தட்டி, "போய் மூஞ்ச கழுவிக்கினு வா. வேல கீது" என்றார். பிறகு போனை எடுத்து, "வந்துட்டாரும்மா" என்றார்.

வேலை என்றால் சாதாரண வேலையா! ஒவ்வொரு கோப்பையும் பழைய சாவியால் திறந்து, புதுச் சாவியால் பூட்டி, இருந்த இடத்திலேயே திரும்ப வைக்க வேண்டும். அதைச் செய்ய ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டேன், மூன்று நாளில் முடிந்தது. அக்காவின் வேலை மட்டும் முடியவில்லை. ஒவ்வொரு கல்யாணத்திலும் ஒரு படமாவது தானே திறந்து பார்ப்பேன் என்று உட்கார்ந்துவிட்டார். மிச்ச ஆடி முழுக்கப் பார்த்தார். "இந்தப் புத்தலப்பட்டு மாப்பிள்ளைக்கு மால கோணலா கீது", "இந்தம்மா எல்லாக் கல்யாணத்துலயும் துன்னுக்கினு கீறாங்களே, யாரு வீட்டு ஆளு?" என்று நேர்முக வர்ணனை வேறு. முதலாளி வந்து, "ஏமைந்தி? என்ன ஆச்சு?" என்று கேட்டபோது எனக்கு உயிர் போய்விட்டது. அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், "பூட்டு கொஞ்சம் மக்கர் பண்ணுச்சு சார். பாத்துக்கினு கீறோம்" என்றார். முதலாளியிடம் அவ்வளவுதான் சொன்னார். மற்றபடி டீக்கடைக்காரர், ஸ்வீட் கடைக்காரர், ரேணிகுண்டா டிக்கெட் பரிசோதகர் உட்பட எல்லோருக்கும் என்னை, "சாவிய தூக்கிப் போட்டவன் இவன்தான்" என்று அறிமுகம் செய்துவைத்தார்.

இதில் ஒரு வால் மிச்சமிருந்தது. கோப்பைத் திரும்ப வைத்தால் அதன் தேதி மாறி, வைத்த அன்றைய தேதி ஆகிவிடும். எங்கள் கம்ப்யூட்டர் கோப்பின் தேதியைப் பார்த்துத்தான் கல்யாண நாள் வாழ்த்து அனுப்பும். அடுத்த ஆடியில் மூன்றே நாளில் மாவட்டம் முழுவதற்கும் வாழ்த்துப் போனது. ஆடியில் கல்யாண நாளா என்று யோசிக்காமல், மறந்துவிட்டோம் என்று பயந்து புடவை எடுத்துக் கொடுத்த கணவன்மார் பலர். புடவையை வாங்கிக்கொண்ட மனைவிமார் ஒருவரும் புகார் செய்யவில்லை.

எல்லாம் மாற்றி முடித்தபின், "இப்பவாவது பழைய சாவிய அழிக்கலாமாக்கா?" என்று கேட்டேன். அக்கா தன் கைப்பையைத் திறந்து ஒரு பெரிய வளையத்தை எடுத்து மேஜையில் போட்டார். லக்கேஜ் ரூமின் பழைய சாவிகள். ஒன்றுக்கும் இன்று பூட்டு கிடையாது. "எவனாச்சும் ஒரு மூட்டைய மறந்து உட்டுட்டுப் போயிருப்பான் தம்பி. அவன் வந்து நின்னா இன்னா சொல்லுவ?" என்றார். பழைய சாவியை அழிக்காமல் தூங்கவைத்தோம்.

அதற்குப் பிறகு அக்காவின் பையனுக்கு ஸ்ரீசிட்டி தொழிற்பேட்டையில் வேலை கிடைத்தது, குடும்பத்தோடு அந்தப் பக்கம் போய்விட்டார். கடைசி நாள் ஷட்டரை எங்கள் ஒவ்வொருவரையும் தனித்தனியாக இழுத்துப் பார்க்க வைத்தார்.

இப்போதும் வருடா வருடம் சோதிக்க வருகிறவர்கள், "பயன்படாத சாவி ஒன்று இருக்கிறதே, ஏன்?" என்று கேட்கிறார்கள். நான் அந்தச் சாவியின் பக்கத்தைத் திறந்து காட்டுவேன். குறிப்பு எழுதும் இடத்தில் தமிழில் ஏதோ இருக்கும், தெலுங்குக்காரருக்குப் புரியாது. அக்கா போவதற்கு முன் எனக்குத் தெரியாமல் எழுதி வைத்தது. "என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், "பாதுகாப்புக் குறிப்பு சார்" என்பேன்.

அதில் இருப்பது இதுதான்: "தம்பி, தூக்கிப் போடாத. ஜெயந்தி போன் பண்ணுவா."

இந்த ஆடியிலும் பண்ணினாள். "அண்ணா, எங்க நைனா கீறாரா?" என்றாள். இரும்மா என்று சொல்லித் திறந்தேன். மூடினேன். மறுபடி திறந்தேன். மூன்று தரம். பிறகுதான் சொன்னேன், கீறாரும்மா என்று.

இஸ்துப் பாத்துட்டேன் அக்கா. நல்லா இரு.